அழித்த ஃபைலும் மூன்றாவது குத்தும்

அந்த ரத்தப் பரிசோதனை லேபில் எது நின்றுபோனாலும், சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பிரின்டரில் தாள் சிக்கினாலும் அவன், மின்விசிறி கிறீச்சிட்டாலும் அவன். கேட்டால், "சர்வர் சார் சும்மாதானே உக்காந்திருக்கார்" என்பார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, போன வருடம் சர்வர் மேலேயே ஒரு தாள் எழுதி ஒட்டினான்: "எது நின்றாலும் முதலில் ஆஃப் பண்ணி ஆன் பண்ணவும். அப்புறம் என்னைக் கூப்பிடவும்." தொல்லை விட்டது என்று நினைத்தான், பாவம்.

அவன் மனைவிக்கும் அதே லேபில்தான் வேலை. ரத்தம் எடுப்பவள். கூட வேலை பார்ப்பவள் ஒரு வாரமாக விடுப்பு. அன்று காலை ஆறு மணியிலிருந்து நூற்று எண்பத்து மூன்று பேருக்கு இவள் ஒருத்தியே ஊசி குத்தியிருந்தாள். அதில் ஒரு கைக்குழந்தைக்கு மூன்று குத்து. அது வீல் வீலென்று அழுதது சுவரைத் தாண்டி சர்வர் அறைவரை கேட்டது. அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

மத்தியானம் ஆனால் சர்வரின் டிஸ்க் நிரம்பி வழியும். அது தானாக எழுதித் தள்ளும் பழைய லாக் ஃபைல்களை அழித்து இடம் பண்ண வேண்டும். அதற்கு அவன் தினமும் கமாண்ட் அடிப்பதில்லை. கீபோர்டில் மேல் அம்பை மூன்று தட்டு தட்டினால் நேற்று அடித்தது அப்படியே வந்து நிற்கும், என்டர், முடிந்தது. இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் செய்வதுதான். கை தட்டும், கண் பார்க்காது.

முந்தின நாள் மாலை புது மெஷின் ஒன்றைச் சோதித்துவிட்டு, அந்தச் சோதனை முடிவுகள் விழுந்த ஃபைலை அழித்திருந்தான். இன்று மூன்றாவது தட்டில் வந்து நின்றது அந்தக் கமாண்ட். அன்றன்றைய முடிவுகள் விழுவதும் அதே பெயர் ஃபைலில்தான். கண்ணை மூடிக்கொண்டு தட்டினான் என்டரை.

எவ்வளவு இடம் கிடைத்தது என்று df அடித்துப் பார்த்தான். தொண்ணூற்றேழு சதவீதம். முன்னேயும் அதேதான். அப்புறம்தான் மேலே ஏறிட்டுத் தான் அடித்ததைப் படித்தான். ஐயோ! அழிந்தது இன்றைய முடிவுகள். நகல் எடுப்பது சாயங்காலம்தான். சோதித்து முடித்த குழாய்களை வைக்க இடமில்லாத லேப் அது. கழிவு வண்டி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயாயிற்று. நூற்று எண்பத்து மூன்று பேரையும் திரும்பக் கூப்பிட்டுக் குத்த வேண்டும், அந்தக் குழந்தை உட்பட. குத்தப்போவது அவன் பெண்டாட்டி.

அதற்குள் அவளே உள்ளே வந்தாள். பின்னால் வரவேற்பில் இருக்கும் பெண்.

"ஏங்க, ரிப்போர்ட் ஒண்ணும் வரல. ஃபைலே இல்லங்குது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடறேன்." தாளில் எழுதியிருந்தபடி அவள் விரல் பட்டனுக்குப் போனது.

"கைய எடுடி!"

கல்யாணமான ஒன்பது வருடத்தில், அடுத்தவர் முன்னால் அவன் இப்படிக் கத்தியதில்லை. அவள் முகம் செத்துப்போயிற்று. வரவேற்புப் பெண் நைசாக நழுவினாள்.

அவன் விளக்கவில்லை, நேரமில்லை. விஷயம் இதுதான்: அந்த சர்வர் ஓடும் லினக்ஸில் ஃபைலை அழித்தால் முதலில் போவது பெயர் மட்டும். ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும்வரை உள்ளே இருப்பது உயிரோடுதான் இருக்கும். காலையிலிருந்து முடிவுகளை எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பட்டனை அமுக்கியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

lsof +L1 என்று அடித்தான். பெயர் போயும் புரோகிராம்கள் பிடி விடாத ஃபைல்களின் பட்டியல் வந்தது. அதில் இருந்தது அவன் ஃபைல், புரோகிராமின் எண்ணோடு. இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்து, cp /proc/2817/fd/4 என்று ஆரம்பித்து வேறு பெயரில் நகல் எடுத்தான். ஆளுக்கு ஒரு வரி. wc -l போட்டு எண்ணச் சொன்னான். நூற்று எண்பத்து மூன்று.

நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டான். அப்புறம் எழுந்து, அந்தத் தாளைக் கிழித்தான்.

"நான்தான்மா அழிச்சேன். படிக்காம என்டர் தட்டிட்டேன். எல்லாம் திரும்பக் கிடைச்சிடுச்சு. உன்கிட்ட கத்துனது தப்பு."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டவில்லை. வீங்கியிருந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"அந்தக் குழந்தைக்கு நரம்பு நல்லாத்தாங்க தெரிஞ்சுது," என்றாள். "எனக்குத்தான் கண்ணு சொருகிடுச்சு. ரெண்டு குத்து வீணாக் குத்தினேன். நரம்பே கிடைக்கலன்னு அவங்கம்மாகிட்ட பொய் சொன்னேன். அந்தம்மா எனக்கு நன்றி வேற சொல்லிட்டுப் போறாங்க."

அவன் தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"உங்களோடது திரும்ப வந்துடுச்சு," என்றாள். "நான் குத்தினது குத்தினதுதானே?"

வெளியிலிருந்து குரல் வந்தது. "அக்கா, மூணு பேர் காத்திருக்காங்க!"

"பத்து நிமிஷம் உக்காந்துட்டுப் போயேன்."

"உக்காந்தா தூங்கிடுவேன். மூஞ்சியக் கழுவிட்டுப் போறேன்."

போய்விட்டாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவன் கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரோரமாகக் காதைக் கொடுத்து நின்றான். அந்தப் பக்கம் யாரும் அழவில்லை.