ஒரு வீட்டு ஆட்கள்

ஏரிக்கரை உடைந்து லோத்குண்டாவின் பள்ளத்துத் தெருவில் வெள்ளம் புகுந்த மறுநாள் காலை, வேதாசலம் மாடிப்படியில் நின்று, தெருவுக்குள் வந்த பரிசலை முறைத்துக்கொண்டிருந்தார். கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மனைவி தாயம்மாளுக்கு விடியலிலிருந்து மூச்சு வாங்குகிறது, இழுக்கிற மருந்தும் தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும்.

ஆனால் மனுஷர் லேசில் யாரையும் நம்புகிறவரா? ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் டூல் ரூமைக் காத்தவர். ஸ்பேனர் இரவல் கேட்டவனையெல்லாம் கள்ளனாகவே பார்த்துப் பழகிய கண். பூட்டிய வீடுகளை நோட்டம் விடத்தான் பரிசல்காரன் வருகிறான் என்று முடிவுகட்டி, தாயம்மாளின் செயினைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பரிசல் படியோரம் ஒதுங்கியது. துடுப்பு போட்டவன் பெயர் கிரி.

“அம்மா மட்டும் ஏறட்டுங்க. நீங்க அடுத்த நடைக்கு.”

“எதுக்கு? நாலு பேரு உக்கார்ற இடம் இருக்கே.”

“வெள்ளத்துல ஒரு வீட்டு ஆளுங்கள ஒண்ணா ஏத்தமாட்டோம். எங்க ஒகேனக்கல் பக்கம் அதான் வழக்கம். கவுந்தாலும் வீட்டுக்கு ஒருத்தராச்சும் மிஞ்சணும்.”

வேதாசலத்துக்கும் அந்த வழக்கம் தெரியும். அவர் தாத்தா காவிரியில் பரிசல் போட்டவர்தான். ஆனால் தனியாக ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக இதைவிடத் தோதான வழக்கம் உண்டா? அவர் வாய் கூசாமல் சொன்னார்: “நாங்க ஒரே வீடு இல்லப்பா. இவங்க பக்கத்து போர்ஷன்.”

கிரி தாயம்மாளின் வெறுங்கழுத்தைப் பார்த்தான். பிறகு வேதாசலத்தின் சட்டைப்பையைப் பார்த்தான். செயினின் நுனி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

“பக்கத்து வீட்டம்மா செயினு உங்ககிட்ட எதுக்குங்க?”

வேதாசலம் அவசரமாகச் செயினைப் பைக்குள் தள்ளினார். ஊரையே சந்தேகப்பட்டவரை ஒருவன் இப்படிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“அம்மா, இவரு யாரு? பயப்படாம சொல்லுங்க.”

தாயம்மாள் கணவரைப் பார்த்தாள். நாலு பேர் முன்னால் அவர் பேச்சைப் பொய்யாக்கி அவளுக்குப் பழக்கமில்லை. “பக்கத்து... வீடு,” என்றாள் மூச்சுக்கு நடுவே. அவர் சொல்லிக்கொடுத்த பொய்தான்.

“நீங்க ஏறுங்கம்மா. இவரப் போலீஸ் பாத்துக்கட்டும்.” கிரி அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டுத் துடுப்பை அவருக்குக் குறுக்கே நீட்டினான். அவளோ கணவரின் சட்டை நுனியை விடவேயில்லை.

“என் பொண்டாட்டிப்பா,” என்றார் வேதாசலம். “உன்மேல சந்தேகப்பட்டுத்தான் செயினக் கழட்டுனேன். புத்தி கெட்டுப்போச்சு.”

“அப்படின்னா ரெண்டு நடைதாங்க.”

“எங்களுக்குப் புள்ளகுட்டி கிடையாது. இவ போயிட்டா, நான் மட்டும் மிஞ்சி என்னப்பா பண்ணப்போறேன்?”

தண்ணீர் இன்னொரு படி ஏறியிருந்தது. கிரி அதைப் பார்த்துவிட்டுத் துடுப்பை மெல்ல விலக்கினான்.

“எனக்கென்னங்க தெரியும்? பக்கத்து வீடுன்னு அம்மாவே சொல்லிட்டாங்க. ஏறி எதிர்ப்பக்கம் உக்காருங்க, சாயாம இருக்கணும்.”