ஐஸ் போட்ட செம்பருத்தி டீ

சந்திரலேகா கல்யாணமாகி சுங்குவார்சத்திரத்துக்கு வந்தபின் கண்ட முதல் கோடை அது. ஒரகடத்தில் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும் கணவன் சக்திகுமார், செருப்பைக் கழற்றும் முன்பே ஜில்லென்ற கலர் சோடா பாட்டிலைத் திறந்துவிடுவான்.

"இதைவிட ருசியா நானே போட்டுத் தாரேன், பாருங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். சொன்னபிறகு பின்வாங்க மனம் வரவில்லை.

முதல் தடவை சுக்கும் ஏலக்காயும் பட்டையும் தட்டிக் கொதிக்கவைத்து, சூட்டோடு ஐஸில் ஊற்றினாள். ஐஸ் கரைந்து சப்பென்று ஆகிவிட்டது. அடுத்த தடவை காரம் நிற்கட்டும் என்று கிராம்பை அள்ளிப் போட்டாள்.

"என்ன பிள்ள, பல்லுவலி மருந்தா?" என்று சக்திகுமார் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் சுருக்கென்றது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுப் பறித்த செம்பருத்தியோடு மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். சுக்கும் ஏலக்காயும் பட்டையும் முன்போலவே, கிராம்பு மட்டும் ஒன்றே ஒன்று. தண்ணீரைப் பாதியாகக் குறைத்துத் திக்காகக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்தபின் செம்பருத்தி இதழையும் துளசியையும் போட்டு மூடினாள். ஆறியதும் வடிகட்டிப் பனங்கற்கண்டு கரைத்தாள். ஐஸ் தட்டிலும் தண்ணீருக்குப் பதில் அதையே ஊற்றி உறையவைத்தாள். இனி எவ்வளவு கரைந்தாலும் ருசி எங்கே போகும்?

மறுநாள் மத்தியானம் கம்பெனியில் சக்திகுமாரின் லைனில் வேலைசெய்யும் நண்பர்கள் வந்திறங்கினார்கள். அவன் கலர் பாட்டிலை எடுத்துவைப்பதற்குள் இவள் அந்த ஐஸைப் போட்ட ஜக்கோடு கூடத்துக்கு வந்தாள். எல்லோரும் பார்க்க எலுமிச்சையைப் பிழிந்தாள். கருநீலமாய்க் கிடந்த டீ சட்டென்று செக்கச்செவேலென மாறியது.

"இன்னா தங்கச்சி இது! கலரே மாறிப்போச்சு?" என்றான் உள்ளூர்க்காரன் கன்னியப்பன்.

"குடிச்சுட்டுச் சொல்லுங்கண்ணே."

"அது கசாயம்டே, பாத்துக் குடி" என்று சக்திகுமார் கண்ணடித்தான்.

கன்னியப்பன் ஒரு மடக்குக் குடித்தான். டம்ளரைக் காலிசெய்துவிட்டு மறுபடி நீட்டினான். "சோக்கா கீதுமா! இன்னொன்னு ஊத்து."

அவ்வளவுதான். நாலா பக்கமிருந்தும் டம்ளர்கள் நீண்டன. கலர் பாட்டிலை யாரும் தொடவில்லை. எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த சக்திகுமார், கடைசியில் தன் டம்ளரையும் நீட்டினான்.

ஜக்கில் ஒரே ஒரு டம்ளருக்குத்தான் மிச்சம் இருந்தது. சந்திரலேகா அவனைப் பார்த்தாள், ஜக்கைப் பார்த்தாள்.

"கசாயம் உங்களுக்கு ஆகாதுல்லா" என்று அதைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டாள். வீடே அதிரச் சிரித்தது.

நிலைப்படியில் சாய்ந்து நின்று, சொட்டுச் சொட்டாக அனுபவித்துக் குடித்தாள். முதலில் புளிப்பு, பிறகு சுக்கின் காரம், அடித்தொண்டையில் ஜில்லென்று துளசி.

"ஒரு வாய் தாயேன், பிள்ள" என்று பக்கத்தில் வந்து நின்றான் சக்திகுமார்.

"எப்படியிருக்குன்னு மொதல்ல சொல்லுங்க."

"குடிக்காம எப்படிச் சொல்ல?"

"அவங்க குடிச்சதைப் பாத்தீங்கள்ல?"

அவன் நண்பர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்தான். "சரி, நீ ஜெயிச்சுட்ட."

அப்புறம்தான் டம்ளரைக் கொடுத்தாள்.