காதோரத்து இருட்டு

என் வாயை ஊசி நூல் போட்டுத் தைத்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டதில்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கை சந்திக்கு வந்தது.

நான் திண்டுக்கல்லில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுப்பவள். எங்களிடம் இருப்பது மூன்று டெஸ்லா காந்த சக்தி உள்ள மெஷின். 'பெரிய காந்தம், துல்லியமான படம்' என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓனர் போர்டு வைத்திருக்கிறார். மண்ணாங்கட்டி. காந்தம் பெரிதானால் தொல்லையும் பெரிது. படம் பிடிக்க இதில் அனுப்புகிற ரேடியோ அலை தலைக்குள் ஒரே சீராகப் பரவுவதில்லை. நடு மூளை பளிச்சென்று விழும். காதுக்கு உள்பக்கம் இருட்டடித்துக் கிடக்கும். வலிப்புக்கு முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடமே அந்தக் காதோரம்தான். ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர்கள் சென்னையில் இருக்கிறார்கள், நாளுக்கு ஒருவர். இருட்டில் ஒன்றும் தெரியாவிட்டால் 'நார்மல்' என்று எழுதிவிட்டு அடுத்த தலைக்குப் போய்விடுவார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. தேடிப் படித்தேன். கால்சியம் டைட்டனேட் என்று ஒரு வெள்ளைப் பொடி. அதைத் தண்ணீரில் கூழாகக் குழைத்துப் பையில் அடைத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்தால், அலை அந்தப் பக்கமும் ஒழுங்காகப் பாயும். "இசைவாணி, உனக்கு வேற வேலையே இல்லையாம்மா?" என்றார் ஓனர். நானே பொடி வாங்கி, வடகம் பாக்கெட் போடுகிற கடையில் கெஞ்சி, காற்றுக் குமிழி இல்லாமல் இரண்டு பை ஒட்டிக்கொண்டு வந்தேன். நாலு தடவை ஒழுகித் தொலைத்தது. ஐந்தாவது தடவை நானே படுத்து என் தலையை எடுக்கச் சொன்னேன். காதோரம் விடிந்திருந்தது. அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை.

அந்தத் திமிரோடு இருந்த வாரத்தில்தான் தீபா வந்தாள். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டக்காரர் வீட்டு மருமகள். கல்யாணமாகி ஒரு வருடம். திடீரென்று பேச்சு நின்று, கண் நிலைகுத்தி, வாயை மென்றுகொண்டே நிற்பாளாம். ஆறு மாதத்துக்கு முன் இதே மெஷினில் எடுத்த படம் நார்மல். உடம்பில் கோளாறு இல்லை என்றானதும், தங்கள் தோட்டத்தில்தான் பிள்ளையை ஏதோ அண்டிவிட்டது என்று மாமியார் ஒச்சாயி முடிவு கட்டிவிட்டாள். அதைத் தன் வீட்டுக் குற்றமாக எடுத்துக்கொண்டு மருமகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள். இப்போது அடுப்படியில் விழுந்து கை வெந்துபோனதால், டாக்டர் மறுபடி படம் கேட்டிருந்தார்.

படுக்க வைக்கும் முன் கேட்டேன். "சின்ன வயசுல வலிப்பு வந்துருக்கா?"

தீபா கதவைப் பார்த்தாள். "மூணு வயசுல காச்சலோட வந்துச்சுக்கா. ரொம்ப நேரம் நிக்கவே இல்லையாம். இவுக வீட்டுல தெரியாது. சொல்லிராதீகக்கா."

"நான் ஏன்டி சொல்லப் போறேன்?" என்றேன்.

பைகளை இரு காதோரமும் வைத்து எடுத்தேன். இடது பக்கம், சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பகுதி சுருங்கி வெளுத்திருந்தது. பழைய படத்தில் அதே இடம் வெறும் இருட்டு. நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தேன். சந்தோஷத்தில்! ஒச்சாயியையும் புருஷன் ஈஸ்வரனையும் கூப்பிட்டு இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"பாத்தீகளா, எம்புட்டுத் தெளிவா இருக்கு! இது காத்துக் கருப்பு இல்லம்மா. மூணு வயசுல வந்த வலிப்போட தழும்பு. ஆபரேசன் பண்ணா குணமாக நெறைய வாய்ப்பு இருக்கு."

ஒச்சாயி காதில் ஆபரேசன் விழவில்லை.

"மூணு வயசுலயா?" என்றாள்.

மறுநாளே தீபாவை அவள் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். நோயை மறைத்துக் கட்டிவைத்ததாகப் பஞ்சாயத்து. ஸ்கேன்காரி கதை அளக்கிறாள் என்று தீபாவின் அப்பா சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்கள்: ஒரு படம் நல்லாருக்கு என்கிறது, ஒரு படம் நோய் என்கிறது, அதே மெஷினில் மூன்றாவதாக ஒன்று எடுங்கள், அது சொல்வதுதான் முடிவு.

மூன்றாவது படத்துக்கு இரண்டு குடும்பமும் வந்து வெளியே உட்கார்ந்தது. உள்ளே தீபா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்தப் பைய வைக்காதீக."

"கிறுக்கா உனக்கு? சரி பண்ணக்கூடிய சீக்குடி இது. இப்பிடியே விட்டா என்னைக்காவது எங்கயாச்சும் விழுந்து செத்துருவ."

"மண்டையத் தொறந்து நான் சரியாகி வர்றதுக்குள்ள இவுகளுக்கு வேற பொண்ணு பாத்து முடிச்சுருவாக. நீங்க கெடுத்தத நீங்கதான்க்கா சரி பண்ணணும்."

இரண்டு பைகளையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு எடுத்தேன். காதோரம் மறுபடி இருட்டு. பை வைத்து எடுத்த முந்தைய படத்தையும் அதன் ரிப்போர்ட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சென்னைக்கு அனுப்பவில்லை. அன்றைய டாக்டர் புதியவர். சாயங்காலத்துக்குள் பதில் வந்தது: நார்மல்.

"வாய்க்கு வந்ததச் சொல்லி ஒரு குடும்பத்தையே பிரிக்கப் பாத்தியேடி, நீயெல்லாம் வெளங்குவியா?" என்று ஒச்சாயி எல்லோர் முன்னாலும் என்னைக் கிழித்தாள்.

"தப்புத்தாம்மா. தெரியாமச் சொல்லிட்டேன்" என்றேன்.

வாசலில் ஆட்டோ நின்றது. சிரித்துக்கொண்டே ஏறப்போன தீபா ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றுவிட்டாள். கண் நிலைகுத்தியது, வாய் மென்றது. ஒச்சாயி பதறவே இல்லை. மருமகளை நெஞ்சோடு சாய்த்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல ஆத்தா, ஒண்ணுமில்ல. அதான் படம் நல்லாருக்குன்னு சொல்லிட்டாகல்ல."