மைனஸ் இருபத்தேழு வேண்டும்

1

இந்தக் கதை ஒரு தகப்பனின் பெருமையில் பிறந்தது. கனடாவின் வின்னிபெக்கில், பள்ளி வாசலில், ஒரு ஜனவரி மாலை ராஸ் மெல்னிக் என்னை நிறுத்திச் சொன்னார்:

"எங்க டெஸ்ஸா வானிலை விஞ்ஞானியா வரப்போறா, பாருங்க. கண்ணு முழிச்சதும் மொதல் கேள்வி, 'அப்பா, இன்னிக்கு எத்தனை டிகிரி?' அஞ்சு வயசுக்கு இது கொஞ்சம் ஓவர் இல்ல?"

நான் அந்தப் பள்ளியில் இடைவேளையின்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். குளிர் மைனஸ் இருபத்தேழைத் தாண்டினால் யாரையும் வெளியே விடமாட்டோம், வகுப்புக்குள்ளேயே விளையாட்டு. டெஸ்ஸா எதற்காகக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும், ராஸுக்குத் தெரியாது. ஒரு கதைக்கு இது போதும் என்று எழுத உட்கார்ந்தேன். போதவில்லை.

2

முதல் தொடக்கம்:

வெண்பட்டு விரித்தாற்போல் பனி மூடிய அந்தக் காலையில்—

அடித்துவிட்டேன். இந்த ஊரில் யாருக்கும் பனி பட்டாகத் தெரிவதில்லை. அதிலிருந்து காரைத் தோண்டி எடுக்கவே நேரம் சரியாக இருக்கிறது.

இரண்டாவது:

டெஸ்ஸா பள்ளிக்கூடத்துக்கு நன்றாகப் பழகிவிட்டாள்.

இது வகுப்பாசிரியை மிஸ் ஃப்ரீசனின் வாக்கியம். பொய் என்று சொல்ல முடியாது. அழுவதில்லை, வரிசையில் நிற்கிறாள், டப்பாவில் வரும் பெரோகிக் கொழுக்கட்டையை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாள். கதவுக்கு உள்ளே அவள் தங்கக்கட்டி. வெளியே விட்டால் மணியடிக்கும்வரை செங்கல் சுவரோடு சுவராக நிற்பாள்.

டிராக்டர் தள்ளி ஒதுக்கிய பனி, மைதானத்தில் மேடாகக் கிடக்கும். மற்ற பிள்ளைகள் அதைக் குடைந்து கோட்டை கட்டுவார்கள்.

"நீயும் போய்ச் சேர்ந்துக்கோயேன், கண்ணு."

"கேட்டேன் மிஸ். ஆள் நெறஞ்சிருச்சாம்."

"எப்பக் கேட்ட?"

"செப்டம்பர்ல."

செப்டம்பரில் அங்கே பனியே கிடையாது. அப்போது அவர்கள் விளையாடியது மணல்தொட்டியில். அன்றைக்கு எவனோ சொன்ன ஒரு 'நெறஞ்சிருச்சு', இவளுக்கு மட்டும் இன்னும் காலாவதியாகவில்லை.

3

எழுதுகிறவளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பள்ளியில் என்னால் வெப்பநிலையை மாற்ற முடியாது, காகிதத்தில் முடியும்.

திங்கள், மைனஸ் முப்பது என்று எழுதினேன். டெஸ்ஸா வகுப்புக்குள் கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டினாள். செவ்வாய் இன்னும் கொஞ்சம் இறக்கினேன். கோபுரம் சரிந்தது, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். புதன்கிழமைக்கும் தாராளமாகக் கொடுத்தேன். பிள்ளை ஆசைப்படுகிறது, என் வீட்டுச் சொத்தா கரைகிறது?

(அம்மா எங்கே என்று கேட்பீர்கள். மருத்துவமனையில் ஷிப்ட். இந்தக் கதைக்குள் வந்து உட்கார அவருக்கு நேரமில்லை.)

4

ஒன்றை மறந்துவிட்டேன். ராஸ் என்ன வேலை செய்கிறார் என்று நான் சொல்லவே இல்லை. அவர் நகராட்சியில் தண்ணீர்க் குழாய் பழுதுபார்ப்பவர். குளிர் முற்றினால் மண்ணுக்கடியில் குழாய் வெடிக்கும். அப்போது நடுத்தெருவைத் தோண்டி, அந்தக் குழிக்குள் இறங்க வேண்டியது அவர்தான்.

அதாவது, மகளுக்கு நான் அள்ளிக் கொடுத்த குளிரை எல்லாம் தகப்பன் விரலிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

புதன் மாலை வீட்டுக்கு வந்தவரால் தன் ஜாக்கெட் ஜிப்பைக்கூட இறக்க முடியவில்லை.

"அப்பா, கை ஏன் மெழுகு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லடி குட்டி. குழிக்குள்ள கொஞ்சம் குளிரு."

"எவ்ளோ குளிரு?"

"உனக்குப் புடிச்ச குளிருதான். மைனஸ் முப்பத்தஞ்சு. விஞ்ஞானியம்மாவுக்குச் சந்தோஷம்தானே?"

அவள் அவர் ஜிப்பை இறக்கினாள். அவர் கைகள் இரண்டையும் எடுத்துத் தன் அக்குளில் வைத்து இடுக்கிக்கொண்டாள்.

"ஏய், ஐஸ்டி அது! விடு."

விடவில்லை.

(நான் அந்த வீட்டில் இல்லை. மறுநாள் ராஸின் விரலில் கட்டு இருந்ததைப் பார்த்தேன். மற்றதெல்லாம் நானாகச் சேர்த்தது. ஆனால் தப்பாகச் சேர்த்ததாகத் தோன்றவில்லை.)

5

வியாழன் காலை.

"அப்பா, இன்னிக்கு எத்தனை டிகிரி?"

"இரு, பாக்கறேன்."

"கொஞ்சம் கம்மியாக் குளிருனா நல்லாருக்கும்ல?"

"என்னடி இது, கட்சி மாறிட்ட?"

"உன் குழிக்குப்பா."

இங்கே என் பேனா நின்றுவிட்டது. அவள் கேட்டதைக் கொடுத்தால் அவள் மறுபடி சுவரோரம் நிற்க வேண்டும். அது அவளுக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்கிறாள். மைனஸ் பதினொன்று என்று எழுதினேன். மனமில்லாமல்தான் எழுதினேன்.

6

முடிவு அ: கோட்டைக்குள்ளிருந்து ஒரு சிறுமி கையசைத்து, "டெஸ்ஸா, வா!" என்று—

அடித்துவிட்டேன். ஒரே வரியில் தோழியைப் படைப்பது எனக்குச் சுலபம். அந்தத் தோழி இந்தப் பக்கத்தைத் தாண்டி ஓரடி வரமாட்டாள்.

முடிவு ஆ: அவள் குளிரை ஏன் கேட்கிறாள் என்று நான் ராஸிடம் சொல்லிவிடுகிறேன். "குளிரு கம்மியான நாளெல்லாம், 'ஜாலிதான் இன்னிக்கு, வெளிய போய் நல்லா ஆடு'ன்னு நானே சொல்லிச் சொல்லி அனுப்பியிருக்கேனே," என்கிறார்.

இதை நிஜத்திலேயே செய்துவிட்டேன். அவர் சொன்னதும் இதேதான். ஆனாலும் இது பெரியவர்களின் முடிவு. சுவரோரம் நின்றது பெரியவர்கள் இல்லையே.

ஆகவே, வியாழன் இடைவேளை. டெஸ்ஸா பனிக் கால்சட்டை, பூட்ஸ், ஜாக்கெட், தொப்பி, கையுறை எல்லாவற்றையும் யார் உதவியும் இல்லாமல் போட்டுக்கொண்டு கதவருகே வந்து நின்றாள்.

"மிஸ், ஆள் நெறஞ்சிருச்சுன்னு சொன்னா எவ்ளோ நாளைக்கு?"

"கேட்ட அன்னிக்கு மட்டுந்தான்."

அவள் முகம் தூக்கி என்னைப் பார்த்தாள். "நெசமாவா?"

"நெசமா."

"அப்ப இன்னிக்கு மறுபடி கேக்கலாமா?"

"கேக்கலாம்."

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. கோட்டைக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் எழுதவில்லை. அந்த இடத்தை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். இப்போது உங்களுக்கு ஐந்து வயது. பனிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் கதவைத் திறக்கிறேன், அவள் மைதானத்தைத் தாண்டி உங்களிடம் வந்துகொண்டிருக்கிறாள். சன்னமான குரலில்தான் கேட்பாள். தொப்பியைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிக்கொள்ளுங்கள்.