முதுகு மூடாத பலகைகள்

அக்கா செய்த ஸ்பீக்கர்களுக்குப் பெட்டி கிடையாது. ஆள் உயரப் பலகை, நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை, அதில் ஸ்பீக்கர். பின்பக்கம் திறந்தே கிடக்கும். அவள் இறந்த பிறகு அந்த இரண்டு பலகைகளும் என் அறைக்கு வந்துவிட்டன. வருகிறவர்கள் எல்லோரும் வேலை பாதியில் நின்றுவிட்டதா என்றுதான் கேட்கிறார்கள். அவற்றை முதன்முதலில் அரங்கத்தில் பார்த்த அன்று நாடகக் குழு முதலாளியும் அதையே கேட்டார். "சட்டை போட்டுட்டு முதுகை மறந்துட்டியாம்மா?"

அக்கா சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவள் இல்லை.

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அத்தானின் குரல் நூலாக இளைத்துவிட்டது. நீதிபதி வேடத்தில் அரங்கத்தையே அதட்டி உட்கார வைத்த மனிதர். இப்போது மைக்கைக் கூட்டினால்தான் அவர் பேசுவது கேட்கும். கூட்டினால் அரங்கத்தின் பெட்டி ஸ்பீக்கர்கள் ஊளையிடும். பழைய பதிவை ஓடவிட்டு வாயசைக்கலாமே என்றார் முதலாளி. அத்தான் மறுத்துவிட்டார். சரி, சொந்தக்காரர்களை உட்கார வைத்து நடத்தும் ஒத்திகையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் வேடம் வேறு ஆளுக்கு என்று முடிவாயிற்று.

ரேடியோ பழுது பார்ப்பது அக்காவின் தொழில். அத்தானுக்காகவே அந்தப் பலகைகளைச் செய்தாள். ஒன்றைப் பாட விட்டு என்னை அதைச் சுற்றி நடக்கச் சொன்னாள். முன்னால் பாட்டு தெளிவாக இருந்தது. பின்னாலும் அப்படியே. பக்கவாட்டில், பலகையின் விளிம்புக்கு நேராக வந்தபோது மட்டும் யாரோ கதவைச் சாத்தியதுபோல் அடங்கிப்போனது.

"காத்தை முன்னாடி தள்ளும்போது பின்னாடி இழுக்குதுடா. ஓரத்துல ரெண்டும் சந்திச்சு ஒண்ணை ஒண்ணு தின்னுடுது. பெட்டியில அடைச்சா அது நடக்காது. பெட்டியும் கூடச் சேர்ந்து முனகும்."

அடித்தொனி குறைகிறதே என்றேன். உங்க அத்தான் என்ன டிரம்மா வாசிக்கப் போறார் என்றாள்.

ஒத்திகையன்று அத்தான் முதல் வார்த்தையைச் சொன்னதுமே ஊளை கிளம்பியது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். அத்தான் கறுப்பு அங்கியின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். அக்கா மட்டும் தரையைப் பார்த்தாள். பலகைகளை நிறுத்த அவள் போட்டிருந்த சாக்பீஸ் குறிகள் காலியாகக் கிடந்தன. அரங்கக் காவலாளி காலையில் பெருக்கும்போது பலகைகளைச் சுவரோடு சுவராக ஒதுக்கி வைத்திருக்கிறார். அவருக்குத் துடைப்பம் என்றே பட்டப்பெயர். எதையும் மூலையில் சேர்த்தால்தான் நிம்மதி. பின்பக்கச் சத்தம் சுவரில் மோதி மைக்குக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

நானும் அக்காவும் பலகைகளை இழுத்துக் குறியில் நிறுத்தினோம். பின்னால் கனத்த திரையை இறக்கினோம். இரண்டு பலகைகளுக்கும் நடுவில், சத்தம் அடங்கிப்போகும் அந்த விளிம்புக்கு நேராக, அத்தானை மைக்கோடு நிற்க வைத்துப் பொத்தான்களைத் திரும்ப மாட்டிவிட்டாள் அக்கா.

"நகரவே கூடாது. ஓரடி முன்னால வந்தாலும் கத்தும்."

"கல்யாணம் ஆனதுலேருந்து அப்படித்தானே நிக்கிறேன்" என்றார் அத்தான்.

அவர் பேசினார். அக்கா கூட்டினாள். இன்னும் கூட்டினாள். ஊளை வரவில்லை. அந்த மெல்லிய குரலே, அதன் கரகரப்போடும் மூச்சோடும், காதருகில் பேசுவதுபோல் அரங்கம் முழுக்க நின்றது. கடைசி வசனம் வந்தது.

"நடந்ததைப் பார்த்தவங்க இந்தச் சபையில ஒருத்தர்கூட இல்லையா?"

கடைசி வரிசையில் துடைப்பம் எழுந்து நின்றார். நாடகம் என்பதே அவருக்கு மறந்துவிட்டிருந்தது.

"நான் பார்த்தேங்கய்யா. எல்லாத்தையும் பார்த்தேன்."

அரங்கம் வெடித்துச் சிரித்தது, பிறகு கைத்தட்டல். முதலாளியும் எழுந்து நின்று தட்டினார். வேறு ஆளைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. அத்தான் மட்டும் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். கைத்தட்டல் ஓயாததால் மைக்கிலேயே கேட்டார்.

"ஏம்மா, இப்பவாவது நகரலாமா?"

அக்கா அப்போதுதான் சிரித்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க" என்றாள்.