பெயர் வைக்காத குழந்தையின் ரிப்போர்ட்

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வந்து உட்கார்ந்ததும் சந்தானம் முதலில் தேடியது நெட் இணைப்பைத்தான். அங்கே அது கிடையாது. ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்த கம்பெனியில் அவன் ஐந்து வருட ஆள். எந்தக் கோளாறையும் பத்தே நிமிடத்தில் சரிசெய்வான் என்று பெயர். அதில் ஒன்பது நிமிடம் நெட்டுடையது என்பது அவனுக்கு மட்டுமே தெரியும்.

"பொறந்து நாலு நாள் ஆன குழந்தை சார். மஞ்சக்காமாலை எவ்வளவுன்னு மெஷின் பாத்துடுச்சு, ஆனா நம்பர் கம்ப்யூட்டர்லதான் வரும், அது ரிப்போர்ட் குடுக்க மாட்டேங்குது" என்றாள் பிந்து. அங்கே வேலை பார்ப்பவள்; மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். "அரை மணியில வரலேன்னா மறுபடி ரத்தம் எடுத்து வெளிய அனுப்பணும். அந்தப் பிஞ்சுக் கால்ல இன்னொரு குத்து நக்கோ சார், வேணாம்."

திரையில் வந்த பிழைச் செய்தி சந்தானத்துக்குப் பழக்கமானதுதான். இரண்டு முறை அதையே நெட்டில் தேடி, கிடைத்த விடையை அப்படியே ஒட்டிவிட்டு வந்திருக்கிறான். அந்த விடை என்ன என்பதுதான் துளியும் ஞாபகம் வரவில்லை.

எதிர்ச்சாரியில் இருந்த பிரௌசிங் சென்டருக்கு ஓடினான். அன்று தெலங்கானா பந்த்; ஷட்டர் இறங்கியிருந்தது. அவனுடைய போனில் பேசலாம், பாம்பு விளையாட்டு ஆடலாம், அவ்வளவுதான். அலுவலகத்துக்கு அடித்தால் எடுக்க ஆளில்லை.

திரும்பி வந்தவனை வாசலில் குழந்தையின் அப்பா மனோஜ் எதிர்கொண்டான். "முடிஞ்சுதா சார்?"

"இதோ" என்று சொல்லிவிட்டுச் சந்தானம் உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

வேறு வழியில்லாமல் தன் நிரலை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான். பாவம், தான் எழுதியதையே யாரோ எழுதியதுபோல் விரல் வைத்துப் படித்தான். ஓரிடத்தில் அவன் போட்ட குறிப்பு இருந்தது: வீட்டு எண் இல்லாத நோயாளி, சரிசெய்தது சந்தானம், மார்ச். இன்னும் கீழே: இனிஷியல் இல்லாத நோயாளி, சரிசெய்தது சந்தானம், ஜூலை.

"பிந்து, இந்தக் குழந்தைக்குப் பேர் என்ன?"

"இன்னும் வெக்கல சார். பதினோராம் நாள்தான் வெப்பாங்களாம். பேர்க் கட்டத்த காலியா விட்டிருக்காங்க."

மூன்று முறையும் ஒரே கோளாறுதான். எந்தக் கட்டம் காலியாக இருந்தாலும் நிரல் திகைத்து நின்றுவிடுகிறது. அவன் இரண்டு கட்டங்களுக்கு மட்டும் ஒட்டுப்போட்டுவிட்டு, காரணம் என்னவென்று கேட்காமலே போயிருக்கிறான். இப்போது எல்லாக் கட்டங்களுக்கும் பொதுவாக மூன்று வரி, யோசித்து, தானே எழுதினான். பிரிண்டர் கரகரவென்று ஓடத் தொடங்கியது. மொத்தம் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

ரிப்போர்ட்டை டாக்டரிடம் கொடுத்துவிட்டு வந்த பிந்து, "குழந்தைய நீல விளக்கு வெளிச்சத்துல வெச்சாப் போதும், காமாலை எறங்கிடும்னுட்டார் சார். இதை மார்ச்சிலயே இப்படிப் பண்ணியிருக்கலாம்ல?" என்று கேட்டாள்.

"ஹவ் பிந்து, ஆமா" என்றான் சந்தானம், அவளுடைய ஹைதராபாத் பேச்சிலேயே. "தேடினா கெடைக்குதுல்ல, அதனால எனக்கே தெரியும்னு நம்பிட்டேன். நெட்ல பாக்கறது தப்பில்ல. பாத்ததப் புரிஞ்சு மனசுல ஏத்திக்காம விட்டதுதான் தப்பு. என் சோம்பேறித்தனத்துக்கு அந்தக் குழந்தை இன்னொரு குத்து வாங்கியிருக்கும்."