பன்னிரண்டு கதைகளும் ஓர் அக்காவும்

ஒரே பருவத்தில் பன்னிரண்டு கதைகள். பத்தாம் வகுப்பில் இதுவரை யாரும் இப்படி எழுதிக் குவித்ததில்லை என்று ஆசிரியையே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கிறுக்கிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் போயிருக்க வேண்டும். கிறுக்கி என்பது அப்பா வைத்த பெயர். எந்நேரமும் நோட்டில் எதையாவது கிறுக்கிக்கொண்டே இருந்தால் மனுஷர் வேறு என்ன பெயர்தான் வைப்பார்? ஆனால் விடுமுறையின் முதல் நாள் மத்தியானம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், தாகமே இல்லாமல் தண்ணீர் குடித்தாள், மின்விசிறியைக் கூட்டிவிட்டு உடனே குறைத்தாள்.

எல்லாம் ஆசிரியையின் ஒரு வழக்கத்தால் வந்த வினை. பருவம் முடிந்ததும் ஒவ்வொரு கதையின் அடியிலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்ட வேண்டும். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று ஒரே வரி. கூடவே, பருவத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு பக்கம். பக்கத்தைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டாள். தன்னைத் தானே மெச்சிக்கொள்வதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சீட்டுகள்தான் படுத்தி எடுத்தன.

முதல் கதை, பேருந்தில் பார்த்தது. இரண்டாவது, அக்கா சொன்னது. மூன்றாவதும் அக்கா. நான்காவது, அம்மா போனில் பேசியதை ஒட்டுக்கேட்டது. ஐந்து, ஆறு, ஏழு மூன்றுமே அக்கா. எட்டாவது ஒரு நாய்க்கதை. அதற்குப் பிறகு மழை, மரம், மேகம் என்று ஒரே சப்பென்ற சரக்கு. ஏழோடு அக்கா நின்றுபோயிருந்தாள்.

அக்கா கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஃபிரேமுக்குள் லென்ஸ் பொருத்தியவள். வேலை முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் கட்டிலில் சாய்ந்து அன்றைய கூத்தையெல்லாம் கொட்டித் தீர்ப்பாள். "கண்ணு நல்லாத்தான் இருக்கு, ஆபீஸ்ல ஒருத்தன் மதிக்க மாட்டேங்கறான், அதுக்குத்தான் கண்ணாடி" என்று கேட்டு வந்தவரைப் பற்றி அவள் சொன்னபோது இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அது ஐந்தாவது கதை.

ஏழாவதில் சிரிப்பு இல்லை. ஒரு பெரியவரின் கண்ணாடியில் இடது லென்ஸையும் வலது லென்ஸையும் அக்கா மாற்றிப் பொருத்திவிட்டாள். அவர் படியில் தடுக்கி விழுந்து, முட்டியில் கட்டோடு கடைக்கு வந்தார். அக்கா பதறிப்போய், திருகாணி தளர்ந்துவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லி, பின்னறையில் சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிட்டாள். யாருக்கும் தெரியவில்லை. தங்கையிடம் மட்டும் சொல்லி அழுதாள். தங்கை எழுதினாள்.

அந்தக் கதை ஒரு புதன்கிழமை பள்ளி அறிவிப்புப் பலகையில் ஏறியது. கடை முதலாளியின் மகளும் அதே பள்ளிதான். அவள் பலகை முன்னால் நின்று இரண்டு தடவை படித்ததைப் பார்த்துக் கிறுக்கி பூரித்துப்போனாள். அதே வாரம் சனிக்கிழமை, "அந்த வேலை பிடிக்கல, நின்னுட்டேன்" என்று அக்கா வீட்டில் சொன்னாள்.

புதனுக்கும் சனிக்கும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று இப்போதுதான் உறைத்தது. இனி அக்கா தன்னிடம் எதையும் சொல்லவே மாட்டாளோ? கதைக்காக இல்லை. சும்மாகூடச் சொல்ல மாட்டாளோ?

அக்கா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உன் வேலை போனது என் கதையாலயா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தேதியப் பார்த்தேன்."

அக்கா ஒரு தலையணை உறையை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அந்தப் பொண்ணு போட்டோ எடுத்து அவங்க அப்பாகிட்ட காட்டியிருக்கு. சும்மா கட்டுக்கதை சார்னு சமாளிக்கலாம்னுதான் பார்த்தேன். காப்பிக் கலர் ஃபிரேம், காதோரம் தங்கக் கோடுன்னு புட்டுப்புட்டு வச்சிருக்கியேடி. அந்த மாடல் கடைக்கு வந்ததே ஒண்ணுதான். நாளையிலேருந்து வராதேன்னுட்டார்."

அந்த ஃபிரேம் வரியைத்தான் ஆசிரியை சிவப்பு மையால் அடிக்கோடிட்டுப் பாராட்டியிருந்தார்.

"என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாம்ல? ஏன் சொல்லவே இல்ல?"

"எதுக்கு? அதையும் எழுதறதுக்கா?"

கிறுக்கி கீழே கிடந்த ஒரு துண்டை எடுத்து மடிக்கப் போனாள்.

"வேலை போனதுகூடப் பரவால்ல," என்றாள் அக்கா. "தப்புப் பண்ணது நான், பொய் சொன்னதும் நான். ஆனா அன்னைக்கு நான் அழுதுட்டு இருந்தேன். நீ என்ன கேட்ட, ஞாபகம் இருக்கா? 'ஃபிரேம் என்ன கலர்?'னு கேட்ட."

ஞாபகம் இருந்தது. அக்காவின் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்ததும், அதைத் துடைக்கத் துணி எடுத்துக் கொடுக்காமல் தான் பேனாவைத் தேடியதும் ஞாபகம் இருந்தது. "மன்னிச்சிடுக்கா" என்றாள். அக்கா அடுத்த உறையை எடுத்து மடித்தாள்.

அப்போது அக்காவின் போன் அடித்தது. முந்தின வாரம் புது வேலைக்காக நேர்முகத்துக்குப் போய்வந்த இடத்திலிருந்து. அக்கா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கிறுக்கியின் கால்கள் தம்பாட்டுக்கு இரண்டு எட்டு கதவை நோக்கிப் போய்விட்டன. சீ என்று தன்னையே திட்டிக்கொண்டு குளியலறைக்குள் ஓடி, குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். வாளி நிரம்பி வழிந்தது. ஒரு வார்த்தைகூடக் காதில் விழக் கூடாது என்று நின்றுகொண்டே இருந்தாள்.

வெளியே வந்தபோது அக்கா கதவருகில் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. சந்தோஷமா துக்கமா என்று பிரிக்கத் தெரியவில்லை. கிறுக்கி ஈரக் கையோடு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாச்சுக்கா?"

இந்த முறை கதைக்கென்று கிறுக்கிக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சத்தியமாக, அக்காவுக்கு என்ன ஆயிற்று என்பது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தோளிலிருந்த கையை மெதுவாக விலக்கினாள்.

"ஒண்ணுமில்ல."